ஐசக் மர்பி

ஐசக் பர்ன்ஸ் மர்பி (ஜனவரி 6, 1861 - பெப்ரவரி 12, 1896) 19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் புகழ் பெற்றிருந்த ஜாக்கி (பந்தயக் குதிரையோட்டி) ஆவார். அடிமைத்தளையில் இருந்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த இவர், புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தில் மூன்று முறை வென்ற முதல் ஜாக்கி என்ற பெருமைக்குரியவர். அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் அப்பந்தயத்தில் வென்ற முதல் ஜாக்கியும் இவரே.

இளமை

மர்பி கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். இவரது தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து, அம்மாநிலத்தின் கேம்ப் நெல்சன் முகாமில் இறந்தார். கென்டக்கியில் அடிமை முறை 1865 டிசம்பரில், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலமே முழுமையாக முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் இவரது தாய் லெக்சிங்டன் நகரில் தன் தந்தை கிரீன் மர்பியுடன் வாழ்ந்து மகனை வளர்த்தார். ஐசக் பர்ன்ஸ் என்ற பெயருடன் இருந்த சிறுவன், பின்னர் தாய்வழிப் பாட்டனாரைப் போற்றும் வகையில் மர்பி என்ற பெயரை ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் குதிரைகளைப் பராமரிப்பதும் பழக்குவதும் ஓட்டுவதும் பெரும்பாலும் கறுப்பின மக்களின் பணியாகவே இருந்தன. அடிமை முறையின் காலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற இத்திறன், விடுதலைக்குப் பின்னர் அவர்களுக்கு வாழ்வாதாரமாயிற்று. எலை ஜோர்டன் என்ற கறுப்பினப் பயிற்சியாளரிடம் மர்பி தொழில் கற்றார். 1875இல், தமது 14ஆவது வயதில், பந்தயங்களில் ஓட்டத் தொடங்கினார்.

கென்டக்கி டெர்பி

லூயிவில் நகரில் முதலாவது கென்டக்கி டெர்பி நடைபெற்றதும் அதே 1875ஆம் ஆண்டில்தான். மே 17 அன்று நடந்த அப்பந்தயத்தில் கலந்துகொண்ட 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். அரிஸ்டைடீஸ் என்ற குதிரையில் வென்ற ஆலிவர் லூயிஸும் அவர்களுள் ஒருவர். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடும் இப்பந்தயம் தொடக்கத்தில் ஒன்றரை மைல் தொலைவு கொண்டதாக இருந்தது. 1896இல் இது ஒன்றேகால் மைலாகக் குறைக்கப்பட்டது.

மர்பி 1879 டெர்பியில் பால்செட்டோ என்ற குதிரையில் இரண்டாவதாக வந்தார். அதே குதிரையில் அவ்வாண்டு சாரடோகாவில் டிராவர்ஸ் பந்தயத்தை வென்றார். அவரது டெர்பி வெற்றிகள் வருமாறு:

1884 - புக்கானன்
1890 - ரைலி
1891 - கிங்மன்

1891 பந்தயம் வேறொரு வகையில் நினைவுகூரப்படுகிறது. அதில் நான்கு குதிரைகளே ஓடின. நால்வரும் முந்திச் செல்லாமல் பின்தங்கியே ஓட்டியதால் பந்தயம் மிக மெதுவாக நடந்தது. கடைசிக் கட்டத்தில் மர்பி விரைந்து வென்றார். கிங்மனின் பயிற்சியாளரும் உரிமையாளர்களுள் ஒருவருமான டட்லி ஆலன் கறுப்பினத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சிகாகோவில் நடைபெற்ற அமெரிக்கன் டெர்பியையும் மர்பி நான்கு முறை (1884, 1885, 1886, 1888) வென்றார்.

ஓட்டும் முறையும் வெற்றி விகிதமும்

மர்பி நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவர். சாட்டையை அதிகம் பயன்படுத்தாதவர். தொடக்கத்தில் குதிரையின் வலுவைச் சேமித்து, முடிவுக் கோட்டை நெருங்கும்போது முந்துவது இவரது வழக்கம். 1890 ஜூன் 25 அன்று நியூயோர்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே திடலில் சால்வேட்டர், டென்னி ஆகிய இரு குதிரைகளுக்கிடையே நடந்த தனிப்போட்டி இதற்குச் சான்றாகும். சால்வேட்டரை ஓட்டிய மர்பி அதில் மிகச் சிறிய இடைவெளியில் வென்றார்.

தாம் ஓட்டிய 1,412 பந்தயங்களில் 628இல் வென்றதாக மர்பி கணக்குக் கூறினார். இது 44 விழுக்காடு ஆகும். பிற்காலத்தில் பதிவேடுகளை ஆராய்ந்தோர் 1,538 பந்தயங்களில் 530 வெற்றிகள், அதாவது சுமார் 34 விழுக்காடு, எனக் கணக்கிட்டுள்ளனர். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் மூன்று பந்தயங்களுக்கு ஒன்றுக்கு மேல் வென்றவர் இவர். முன்னணி ஜாக்கிகளுக்கும் இது அரிய விகிதமாகும்.

சரிவும் மறைவும்

மர்பி பந்தயம் இல்லாத குளிர்காலத்தில் எடை கூடுவதும், பருவம் தொடங்கும் முன் கடும் பட்டினியால் அதைக் குறைப்பதும் வழக்கமாயிற்று. இது அவரது உடல்நலத்தைப் பெரிதும் பாதித்தது. 1890 ஆகத்தில் மான்மவுத் பார்க் திடலில், வெல்லும் என எதிர்பார்க்கப்பட்ட பிரென்சி என்ற குதிரை அவர் ஓட்டத்தில் கடைசியாக வந்தது. அவர் குதிரையிலிருந்து விழவும் நேர்ந்தது. குடிபோதையில் ஓட்டினார் எனக் குற்றம் சாட்டப்பட்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். மர்பி அதை மறுத்தார். அடுத்த ஆண்டு டெர்பியை மீண்டும் வென்றபோதும், நேர்மைக்குப் பெயர்பெற்ற அவர் மீது விழுந்த கறை முற்றிலும் நீங்கவில்லை. வாய்ப்புகள் குறைந்தன. 1896 பெப்ரவரி 12 அன்று, 35ஆவது வயதில், லெக்சிங்டனில் காலமானார்.

கறுப்பின ஜாக்கிகளின் வெளியேற்றம்

முதல் 28 கென்டக்கி டெர்பிகளில் 15ஐ வென்றவர்கள் கறுப்பின ஜாக்கிகள் ஆவர். பந்தயத்தில் பணமும் புகழும் பெருகியபோது, இனப் பாகுபாடும் வலுத்தது. வெள்ளையின ஜாக்கிகள் ஒன்றுசேர்ந்து அவர்களை ஓட்டத்தின்போதே நெருக்கித் தடுத்தனர். உரிமையாளர்களும் அவர்களுக்கு வாய்ப்பளிக்கத் தயங்கினர். 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஜிம்மி விங்க்பீல்டுக்குப் பின்னர் கறுப்பின ஜாக்கி எவரும் அப்பந்தயத்தை வென்றதில்லை. 1921க்குப் பின் 2000ஆம் ஆண்டு வரை கறுப்பின அமெரிக்கர் எவரும் அதில் ஓட்டக்கூட இல்லை.

நினைவு

மர்பி லெக்சிங்டனில் கறுப்பினத்தவருக்கான இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். காலப்போக்கில் அவரது கல்லறை இருந்த இடமே மறக்கப்பட்டது. 1955இல் சாரடோகா ஸ்பிரிங்ஸ் தேசியக் குதிரைப் பந்தய அருங்காட்சியகத்தின் புகழ் மண்டபத்தில் இவர் சேர்க்கப்பட்டபோதும் நிலைமை அதுவே. 1960களில் பிராங்க் போரீஸ் என்ற ஆய்வாளர் நீண்ட தேடலுக்குப் பின்னர் அதைக் கண்டறிந்தார். 1967இல் மர்பியின் உடல் எச்சங்கள் மேன் ஓ வார் என்ற புகழ்பெற்ற குதிரையின் நினைவிடத்திற்கு மாற்றப்பட்டன. அந்நினைவிடம் பின்னர் கென்டக்கி குதிரைப் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தபோது, மர்பியின் கல்லறையும் அங்கு கொண்டுசெல்லப்பட்டது. மேன் ஓ வார் கென்டக்கி டெர்பியில் ஒருபோதும் ஓடியதில்லை.

ஆண்டுதோறும் மிக உயர்ந்த வெற்றி விகிதம் பெறும் ஜாக்கிக்கு வழங்குவதற்காக 1995இல் ஏற்படுத்தப்பட்ட விருது ஐசக் மர்பியின் பெயரைத் தாங்கியுள்ளது.