தாய்மொழிக்கு வேதம் தந்த ரமேஷ் சந்திர தத்தர்

மனிதன் பிறக்கும்போதே தேவர்கள், ரிஷிகள், முன்னோர்கள் ஆகியோருக்குக் கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்பது வைதிக மரபின் கருத்து. இவற்றுள் ரிஷிகளுக்குரிய கடன் சாஸ்திரங்களைக் கற்பதால் தீர்கிறது. கற்றதைப் பிறருக்கு வழங்கும்போது நிறைவு பெறுகிறது. ஆங்கிலேய அரசில் உயர்பதவி வகித்துக்கொண்டே இக்கடனைத் தீர்க்க முற்பட்டவர் ரமேஷ் சந்திர தத்தர். பொருளாதார வரலாற்றாசிரியராக அவரை அறிந்தோர் பலர். வங்கமொழி நாவலாசிரியராகவும், ருக்வேதத்தையும் இதிகாசங்களையும் மொழிபெயர்த்தவராகவும் அவரை அறிந்தோர் சிலரே.

இளமையும் கடற்பயணமும்

ரமேஷ் சந்திரர் 1848-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் நாள் கல்கத்தாவில், ராம்பாகான் தத்தர் குடும்பத்தில் பிறந்தார். ஆங்கிலக் கல்விக்கும் ஆங்கிலக் கவிதைக்கும் புகழ்பெற்ற குடும்பம் அது; கவிஞர் தோரு தத்தும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவரே. இளமையிலேயே பெற்றோரை இழந்த ரமேஷ் சந்திரர், சிற்றப்பா சசி சந்திர தத்தரின் பாதுகாப்பில் வளர்ந்தார்.

1868-இல் சுரேந்திரநாத் பானர்ஜி, பிஹாரிலால் குப்தா ஆகிய நண்பர்களுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடல் கடப்பதைச் சமூகம் குற்றமாகக் கருதிய காலம் அது. ஆகவே, இல்லத்தாரின் அனுமதியைப் பெறாமலே அவர் புறப்பட வேண்டியிருந்தது. மறு ஆண்டே ஐ.சி.எஸ். தேர்வில் மூன்றாம் இடம் பெற்றார். 1871-இல் தாயகம் திரும்பி அரசுப் பணியில் சேர்ந்தார்.

பணி அவரை ஏழைகளின் குடிசைகளுக்கு அழைத்துச் சென்றது. 1874-இல் நதியா மாவட்டத்தின் மெஹர்பூரில் பஞ்ச நிவாரணப் பணியில் ஈடுபட்டார். 1876-இல் மேக்னா நதியின் முகத்துவாரப் பகுதியைப் பெரும்புயல் அழித்தபோது, தக்கின் ஷாபாஸ்பூர் தீவுக்கு அனுப்பப்பட்டார். புயலைத் தொடர்ந்து காலரா பரவியது. அச்சூழலில் எஞ்சிய மக்களுக்கு ஆதரவளிப்பது அவர் கடமையாயிற்று. உழவனின் வாழ்வை அவர் ஏடுகளில் மட்டுமின்றி, நேரிலும் கற்றார்.

பங்கிம் சந்திரர் காட்டிய வழி

தத்தர் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே எழுதினார். அவரைத் தாய்மொழியின் பக்கம் திருப்பியவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர். வங்கமொழியில் எழுதும் பயிற்சி தமக்கு இல்லையென்று தத்தர் தயங்கினார். கற்றவர்கள் எழுத எழுத நடை தானே அமையும் என்று பங்கிம் சந்திரர் ஊக்கமளித்தார். தத்தரின் குடும்பத்துப் பெரியோர் எழுதிய ஆங்கிலக் கவிதைகள் நிலைக்கப்போவதில்லை என்றும், மைக்கேல் மதுசூதனரின் வங்கக் கவிதைகளோ அம்மொழி உள்ளவரை வாழும் என்றும் எடுத்துக்காட்டினார். அறிவுரை கடுமையானதுதான், எனினும் தத்தர் அதைப் பணிவுடன் ஏற்றார்.

1874-இல் 'வங்கவிஜேதா' என்னும் வரலாற்று நாவல் வெளிவந்தது. 'மாதவி கங்கண்', 'மகாராஷ்டிர ஜீவன் பிரபாத்', 'ராஜபுத ஜீவன் சந்த்யா' ஆகியவை தொடர்ந்தன. இந்நான்கும் மொகலாயர் காலத்தின் நூறாண்டு வரலாற்றைத் தழுவியவை. பின்னர் எழுதிய 'சம்சார்', 'சமாஜ்' ஆகிய சமூக நாவல்களில் விதவை மறுமணத்தையும் சாதி கடந்த திருமணத்தையும் பரிவுடன் சித்திரித்தார். 'சம்சார்' நாவலையும் 'மாதவி கங்கண்' நாவலையும் பிற்காலத்தில் அவரே ஆங்கிலத்தில் தந்தார்.

யாருக்கு உரியது வேதம்?

1885-இல் தொடங்கி 1887-க்குள் ருக்வேதம் முழுவதையும் அவர் வங்கமொழியில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சூக்தங்கள் கொண்ட நூல் அது. மொழியின் கடினத்தை விடவும் எதிர்ப்பே பெரிய தடையாக இருந்தது. அந்தணரல்லாத ஒருவர், அதிலும் கடல் கடந்து சென்று அரசுப் பதவி வகிப்பவர், வேதத்தைத் தொடலாமா என்று வைதிகர் பலர் சினந்தனர். வேதத்தின் புனிதம் அதன் மறைவில்தான் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். ஓதும் முறையையும் ஒலியையும் காத்து வந்த மரபின் கவலை அது; அதை முற்றிலும் பொருளற்றதென்று தள்ளிவிட இயலாது. ஆனால் ஒலியைக் காப்பது ஒரு கடமை என்றால், பொருளை வழங்குவது மற்றொரு கடமை. தம் மூதாதையரின் முதல் நூலில் என்ன உள்ளது என்று அறிய, ஒரு வங்காளி ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளை நாட வேண்டிய நிலை தத்தருக்கு வேதனை அளித்தது.

இந்நிலையில் ஈசுவர சந்திர வித்யாசாகரின் ஆதரவு அவருக்குத் துணை நின்றது. தத்தர் கண்டனங்களுக்குக் கண்டனத்தால் பதிலளிப்பதில் காலத்தைச் செலவிடவில்லை, பணியை முடித்தார். பின்னர் பண்டிதர்கள் பலரின் ஒத்துழைப்புடன் 'ஹிந்து சாஸ்திர' என்னும் தொகுப்பையும் வங்கமொழியில் பதிப்பித்தார். 1894-இல் வங்கீய சாகித்ய பரிஷத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். வங்கமொழி எழுதத் தெரியாது என்று ஒருகாலத்தில் தயங்கியவருக்குக் கிடைத்த பெருமை அது.

இதிகாசங்களும் பஞ்சமும்

மாவட்ட நிர்வாகத்தையும் கோட்ட ஆணையர் பொறுப்பையும் வகித்த முதல் இந்தியர்களுள் ஒருவரான தத்தர், ஓய்வுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கும்போதே 1897-இல் பணியிலிருந்து விலகினார். லண்டனில் தங்கி மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் ஆங்கிலச் செய்யுளில் தந்தார். சுமார் ஒரு லட்சம் சுலோகங்கள் கொண்ட மகாபாரதமும், 24,000 சுலோகங்கள் கொண்ட ராமாயணமும் இரண்டிரண்டாயிரம் ஈரடிகளாகச் சுருங்கின. கதை முழுவதையும் மேலோட்டமாகச் சொல்லாமல், முக்கிய நிகழ்ச்சிகளை மூலத்தைப் பின்பற்றி மொழிபெயர்த்து, இடையிடையே சிறு குறிப்புகளால் இணைத்தார். மகாபாரதத்தின் பரந்த தத்துவப் பகுதிகள் இதனால் விடுபட்டன என்பது உண்மை. எனினும், மூலநூலை அணுகவே இயலாத வாசகர்களுக்குச் சீதையையும் சாவித்திரியையும் அறிமுகப்படுத்திய நூல்கள் அவை. மகாபாரத மொழிபெயர்ப்புக்கு மாக்ஸ் முல்லர் முன்னுரை வழங்கினார்.

அதே ஆண்டுகளில் பாரதத்தைப் பஞ்சம் வாட்டியது. 1899-இல் லக்னோ காங்கிரஸுக்குத் தலைமை வகித்த தத்தர், நிலவரியின் சுமையே உழவனைச் சேமிப்பற்றவனாக்கி, மழை பொய்த்தவுடன் மரணத்துக்கு ஆளாக்குகிறது என்று வாதிட்டார். 1900-இல் கர்சன் பிரபுவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதங்களில் சென்னை மாகாணம் உள்ளிட்ட பகுதிகளின் வரிநிலையை ஆராய்ந்தார். 1902-இல் அரசு தீர்மானம் வெளியிட்டுப் பதிலளிக்க நேர்ந்தது. 1902-லும் 1904-லும் வெளிவந்த இந்தியப் பொருளாதார வரலாற்று நூல்கள் அவரது ஆய்வின் முடிமணிகள். அவற்றைப் படித்துக் கண்ணீர் விட்டதாகக் காந்தியடிகள் பின்னர் எழுதினார். இதே காலத்தில், சகோதரி நிவேதிதை இந்திய வாழ்வைப் பற்றித் தம் நூலை எழுதவும் தத்தர் ஊக்கமளித்தார்.

1904-இல் பரோடா சமஸ்தானத்தின் வருவாய் அமைச்சரானார். பிறருக்குச் சொன்னதைத் தாமே செய்துகாட்டும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. நிலவரிச் சுமையைக் குறைக்க முயன்றார். 1909-இல் அதே சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்று, அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் பரோடாவிலேயே காலமானார்.

சூக்தங்களை மொழிபெயர்த்ததும் வரிக்கணக்கை ஆராய்ந்ததும் வெவ்வேறு பணிகளாகத் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் அவர் செய்தது ஒன்றே: சிலரிடம் மட்டும் இருந்த அறிவைப் பலருக்கும் உரியதாக்கினார். ரிஷிகளுக்குரிய கடனைத் தீர்க்கக் காடு செல்ல வேண்டுவதில்லை. அலுவல்களுக்கு நடுவே கற்று, கற்றதைத் தாய்மொழியில் நால்வருக்குச் சொல்வதும் அக்கடனைத் தீர்க்கும் வழியே என்பதை ரமேஷ் சந்திர தத்தரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.