9 அடிக் கடை

ஜப்பானில் மிட்சுயி என்ற பெயரைத் தெரியாதவர் இல்லை. பாங்கி, கப்பல், சுரங்கம் என்று கோடி கோடியாகப் பணம் புரண்ட பெயர் அது. அதற்கு விதை போட்டவர் ஒரு சின்னத் துணிக் கடைக்காரர். அவர் பெயர் மிட்சுயி டகடோஷி.

1622-ம் ஆண்டில் மட்சுசகா என்ற ஊரில் அவர் பிறந்தார். அந்த வீட்டின் கடைக்குட்டி அவர். தகப்பனாருக்கு வியாபாரத்தில் அவ்வளவு நாட்டம் இல்லை. தாயார் ஷூஹோதான் கடையைக் கட்டி ஆண்டார். அரிசிச் சாராயம், சமையலுக்கான சோயா விழுது, அடகு எல்லாம் அங்கே உண்டு. மகனுக்கு முதல் வாத்தியார் அந்த அம்மாள்தான்.

அண்ணனின் பயம்

14 வயதில் டகடோஷி எடோ நகருக்குப் போனார். இன்றைய டோக்கியோதான் அன்றைய எடோ. அங்கே மூத்த அண்ணன் துணிக் கடை வைத்திருந்தார். தம்பி வேலையில் சூரன். வியாபாரம் பெருகியது.

அண்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது! நாளைக்குத் தன் பிள்ளைகளை இவன் ஓரங்கட்டி விடுவானோ என்ற பயம். தாயாரைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று சொல்லித் தம்பியை ஊருக்கு அனுப்பிவிட்டார். அப்போது டகடோஷிக்கு வயது 28.

அவர் சண்டை போடவில்லை. ஊரில் வட்டிக்குக் கொடுத்துப் பணம் சேர்த்தார். தன் பிள்ளைகளை எடோவுக்கு அனுப்பித் தொழில் பழக வைத்தார். இப்படியே 24 வருஷம் ஓடியது. சாதாரண மனிதனுக்கு அதற்குள் ஆசையே செத்துப் போயிருக்கும்.

1673-ல் அண்ணன் காலமானார். அதே ஆண்டில் டகடோஷி எடோவில் கடை திறந்தார். முகப்பு 9 அடி. இரண்டு பேர் கையை விரித்து நின்றால் அடைபட்டுவிடும்! எச்சிகோயா என்று பெயர் வைத்தார். அவர் மட்சுசகாவில் இருந்தபடியே உத்தரவு அனுப்புவார். கடையில் நின்று நடத்தியவர்கள் அவருடைய மகன்கள்.

முழத் துணியும் கிடைக்கும்

சுற்றிலும் பெரிய பெரிய கடைகள். அவற்றின் முறையே வேறு. பிரபுக்களின் மாளிகைக்குத் துணியைச் சுமந்துகொண்டு போவார்கள். கொடுப்பது கடனுக்கு. பணம் வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வரும். வராமலும் போகும். அந்த நஷ்டத்தையும் வட்டியையும் துணியின் விலையில் ஏற்றிவிடுவார்கள். விலையும் ஆளுக்கு ஆள் மாறும்.

இந்தப் போட்டியில் சின்னக் கடை இறங்கினால் என்ன ஆகும்? கடன் கொடுத்தே முழுகிப் போகும். டகடோஷி அந்தப் பக்கமே போகவில்லை. ரொக்கம் கொடுத்தால்தான் துணி என்றார். கடன் இல்லாததால் விலையைக் குறைக்க முடிந்தது. யார் வந்தாலும் ஒரே விலை. பேரம் கிடையாது. வாங்குகிறவர்தான் கடைக்கு வர வேண்டும்.

இன்னொரு காரியமும் செய்தார். அதுதான் பெரிய கடைகளை உலுக்கியது. அந்தக் காலத்தில் பட்டுத் துணியை முழுச் சுருளாகத்தான் விற்பார்கள். வெட்டித் தரமாட்டார்கள். தச்சன் மனைவிக்கு ஒரு சுருள் பட்டு வாங்க வசதி ஏது? எச்சிகோயாவில் வேண்டிய அளவு வெட்டிக் கொடுத்தார்கள். கைப்பை தைக்க ஒரு துண்டு கேட்டாலும் கிடைத்தது. அதுவரை துணிக் கடை வாசலை மிதிக்காத ஜனங்கள் உள்ளே வந்தார்கள்.

அடுக்களைப் பக்கம் கக்கூஸ்

மற்ற கடைக்காரர்களுக்கு ஆத்திரம். ஒன்று சேர்ந்து எச்சிகோயாவை ஒதுக்கி வைத்தார்கள். வேலையாட்களை இழுக்கப் பார்த்தார்கள். அதுவும் பலிக்காமல், எச்சிகோயாவின் அடுக்களைக்கு நேராகக் கக்கூஸ் கட்டினார்கள்! பெரிய மனிதர்களின் புத்தி சில சமயம் இப்படித்தான் போகிறது.

இந்த நேரத்தில் பெருந்தீ ஒன்று நகரத்தைச் சூறையாடியது. கடையும் எரிந்தது. டகடோஷி அதே இடத்தில் மறுபடி கட்டிக்கொண்டு சண்டையை வளர்க்கவில்லை. 1683-ல் சுருகா என்ற தெருவுக்குக் கடையை மாற்றினார். ரொக்கம், குறைந்த விலை, பேரம் இல்லை என்று துண்டு நோட்டீஸ் அச்சிட்டு நகரெங்கும் கொடுத்தார். பக்கத்திலேயே நாணயம் மாற்றும் கடையும் போட்டார். பிற்காலத்து மிட்சுயி பாங்கிக்கு அதுதான் வேர்.

1687-ல் நாட்டை ஆண்ட ஷோகனின் அரண்மனைக்கே துணி கொடுக்கும் உரிமை எச்சிகோயாவுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு யார் ஒதுக்கி வைப்பது?

1694-ல் டகடோஷி காலமானார். மகன்கள் சொத்தைப் பிரிக்காமல் சேர்ந்தே கடையை நடத்தினார்கள். பின்னாளில், கடைக்கு வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டால், வந்தவர்களுக்குக் குடை இரவல் கொடுப்பார்கள். குடையில் கடையின் பெயர் இருக்கும். மழை பெய்கிற நாளில் எடோவின் தெருவெல்லாம் எச்சிகோயா குடைதான்.