எலிகளுக்கு விருந்து வைத்த டாக்டர்

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள்? பாட்டி காலத்தில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். இன்று பல வீடுகளில் ரொட்டித் துண்டு, பிஸ்கட், இனிப்பான தேநீர். வயிறு நிறைகிறது. தொப்பையும் விழுகிறது!

சத்தில்லாத உணவு உடம்பை என்ன செய்யும்? ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் நீலகிரி மலையில் ஒரு டாக்டர் அதை எலிகளை வைத்துக் காட்டினார். அவர்தான் ராபர்ட் மக்காரிசன்.

வண்டலைக் குடித்தார்

அவர் 1878-ல் அயர்லாந்தில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் படித்தார். 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். இமயமலைப் பக்கம் கில்கிட் என்ற இடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார்.

அங்கே பலருக்குக் கழுத்தில் கழலை. குடிதண்ணீரில் வரும் கிருமி குடலில் தங்கி இந்தத் தொல்லையைச் செய்கிறது என்று அவர் எண்ணினார். எப்படி நிரூபிப்பது? கலங்கல் நீரை வடிகட்டி, மிஞ்சிய வண்டலைத் தாமே குடித்தார்! துணிந்து வந்த சிலரும் குடித்தார்கள். சிலருக்குக் கழுத்து வீங்கியது, டாக்டருக்கும் வீங்கியது. வண்டலைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

கழலைக்கு முக்கிய காரணம் அயோடின் குறைவு என்பது பின்னால் உறுதியாயிற்று. ஆனால் நோய்க்கும் நலத்துக்கும் குடலில் வேர் உண்டு என்ற எண்ணம் டாக்டரை விட்டுப் போகவில்லை.

கில்கிட்டுக்கு அருகே ஹூன்சா மக்கள் வாழ்ந்தார்கள். தவிடு நீக்காத தானியம், காய்கறி, பழம், பால் இவையே அவர்கள் உணவு. வயிற்றுப் புண், குடல் அழற்சி போன்ற நோய்களை அவர்களிடம் அவர் காணவில்லை.

குன்னூரில் எலிப்பந்தி

1918-ல் மக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கிய பெரிபெரி நோயை ஆராய்வது அவர் வேலை. குரங்குகளுக்குச் சத்தழிந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் குடல் மெலிந்து கெட்டது. 1923-ல் சிக்கனம் என்று சொல்லி சர்க்கார் ஆராய்ச்சியை நிறுத்தியது. அவர் மனம் தளரவில்லை. 1925-ல் வேலை மீண்டும் தொடங்கியது.

பிறகு நடந்ததுதான் எலிப்பந்தி. இந்தியாவின் ஏழு வகை மக்கள் உண்ணும் உணவை ஏழு கூட்டம் எலிகளுக்குப் போட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிக் கழுவிய அரிசிச் சோறும் பெயருக்குப் பாலும் கொண்ட சென்னை மாகாண உணவைத் தின்றவை வெறும் 155 கிராம். கடைசி இடம் நம் இலைக்கு!

குற்றம் அரிசியின் மீதா? இல்லை. தவிட்டைத் தள்ளினோம். கழுவிக் கழுவிச் சத்தைக் கொட்டினோம். பாலும் கீரையும் ஏழைக்கு எட்டவில்லை.

ஆங்கிலேய ஏழைகளின் வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், இனிப்புத் தேநீர் ஆகியவற்றையும் எலிகளுக்குக் கொடுத்தார். அவை ஒன்றையொன்று கடித்துக் கொன்றன. நுரையீரல் நோயும் குடல் நோயும் அவற்றை வாட்டின.

1933-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்றார். 1960-ல் இங்கிலாந்தில் காலமானார். அவர் வளர்த்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஐதராபாத் சென்றது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

குடலுக்குள் ஒரு குடித்தனம்

எலிகளின் மெலிவுக்குப் புரதம், வைட்டமின் குறைவு பெரிய காரணம். அவர் காலத்தில் முழுதாகத் தெரியாத இன்னொரு கதையும் உண்டு. நம் பெருங்குடலில் கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காத நார்ச்சத்துதான் அவற்றில் நல்ல கிருமிகளுக்குச் சோறு. அதை உண்டு, குடல் சுவரைக் காக்கும் அமிலங்களை அவை தருகின்றன.

2013-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியாயிற்று. இரட்டையரில் ஒருவர் பருமன், ஒருவர் ஒல்லி. இருவர் குடல் கிருமிகளையும் கிருமியே இல்லாத சுண்டெலிகளுக்குள் தனித்தனியே செலுத்தினார்கள். பருமனானவரின் கிருமி பெற்றவற்றுக்குக் கொழுப்பு கூடியது. இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டதும், ஒல்லியானவரின் கிருமிகள் மற்றவற்றிலும் குடியேறிப் பருமனைத் தடுத்தன. ஆனால் ஒரு நிபந்தனை! நார் மிகுந்து கொழுப்பு குறைந்த உணவு கொடுத்தபோதே இது நடந்தது. நார் குறைந்து கொழுப்பு கூடியபோது நல்ல கிருமிகள் நிலைக்கவில்லை.

புரிகிறதல்லவா? தயிரிலும் பழைய சோற்றிலும் நல்ல கிருமிகள் உண்டு. விருந்தாளியை அழைத்தால் மட்டும் போதுமா? சோறு போட வேண்டாமா? கீரை, அவரை, சுண்டல், கேழ்வரகு, தவிடு நீக்காத அரிசி ஆகியவையே அந்தச் சோறு. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்ல மெல்லக் கூட்டுங்கள்; தண்ணீரும் நிறையக் குடியுங்கள். தொப்பையைக் கரைக்கக் கிருமி மாத்திரை மட்டும் போதும் என்று நம்பி ஏமாற வேண்டாம்.

அன்று எலிப்பந்தியில் கடைசி இடம் பெற்றது நம் இலை. அதை முதலிடத்துக்குக் கொண்டுவருவது நம் வீட்டு அடுப்பங்கரையின் கையில் இருக்கிறது.