அடுக்களையில் விளைந்த தவம்

பாண்டி நாட்டுத் திருச்சுழியல் என்னும் பாடல் பெற்ற பதியில், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்திரா தரிசன நள்ளிரவு கழிந்த வேளையில், சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் மைந்தராக வேங்கடராமன் தோன்றினார். 1896ஆம் ஆண்டு மதுரையில் மரணபயம் வந்து பற்றியபோது, அவ்விளைஞர் அஞ்சியோடாது, இறப்பது யாது, எஞ்சுவது யாது எனத் தம்முள்ளே நோக்கினார். உடல் அழியினும் தாம் அழியாமை உணர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அண்ணாமலையார் சந்நிதி புகுந்தவர், பின்னர் அத்தலத்தை விட்டு அகன்றிலர். 1907ஆம் ஆண்டு காவியகண்ட கணபதி முனிவர் சூட்டிய பெயரால் இரமண மகரிஷிகள் என உலகம் அவரை அறிந்தது.

பாதாளலிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்தமையும் அறியாது அவர் நிட்டை கூடியிருந்தமை பலரும் அறிந்ததே. இல்லறத்தார்க்குப் பெரிதும் பயன்படுவதோ அவர்தம் பிற்கால வாழ்க்கையாகும். 1916ஆம் ஆண்டில் அன்னையார் வந்து, மைந்தரோடு மலைமேல் வதிந்து, அங்கு அடுப்பு மூட்டினார். 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அவ்வன்னையார் இறுதி எய்துங்கால், மகரிஷிகள் ஒரு கையை மார்பிலும் மற்றொன்றைத் தலையிலும் வைத்து, உயிர் அடங்குமளவும் உடனிருந்தார். மலையடிவாரத்தில் அச்சமாதியைச் சூழ்ந்தே இரமணாசிரமம் வளர்ந்தது.

அங்கே, பொழுது புலருமுன் அவர் அடுக்களை புகுந்து காய் அரிவார், துவையல் அரைப்பார், சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுப்பார். கைத்தொழிலிற் சோர்வில்லை, அகமும் தன்னிலை பெயர்வதில்லை. துறவு பூணலாமோ என்று வினவிய குடும்பத்தாரை அவர் பொதுவாக வீடு துறக்கப் பணித்திலர். செய்பவன் நான் என்னும் எண்ணத்தைத் துறப்பதே துறவு. வேலைக்கிடையிலும் அந்நான் யாரென ஆராய்ந்திருத்தலே தியானம் என்பது அவர் உபதேசத்தின் சாரம்.

அத்தியானம் பழுத்த கனியே கருணை. பந்தியில் எல்லார்க்கும் இடாத பண்டத்தை அவர் தமக்கென ஏற்றிலர். குரங்கும் அணிலும் மயிலும் அச்சமின்றி அவரை அணுகின. 1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இரவு கள்வர் புகுந்து அவர் தொடையில் அடித்தபோது, எதிர்த்துத் தாக்க எழுந்த அடியாரைத் தடுத்தார். கள்வர் விளக்குக் கேட்க, அதனையும் கொடுக்கச் செய்தார். 1926ஆம் ஆண்டு கன்றாக வந்த இலக்குமி என்னும் பசு 1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் உயிர் நீத்தபோது, அன்னைக்குச் செய்தவாறே அதற்கும் கைவைத்து அருளினார்.

அன்னை சமாதிமேல் எழுந்த மாதுருபூதேசுவரர் திருக்கோயிலின் கும்பாபிஷேகம் 1949ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் நிகழ்ந்தது. முந்திய மாதமே இடக்கைக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை பெற்றிருந்தும் மகரிஷிகள் உடனிருந்தார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சமாதியடைந்தார். காண வந்தோரைத் தடுக்கலாகாதென அவ்விறுதி நாட்களிலும் வற்புறுத்தினார்.

விமானத்துக்குக் கலசம் ஈந்த கை, மடைப்பள்ளியிற் சிந்திய ஓர் அரிசியையும் சிவன் சொத்தெனப் பேணவும், பந்தியின் கடைசியில் அமர்ந்தார்க்கும் முதலில் அமர்ந்தார்க்கிட்ட அன்னத்தையே இடவும் பழகுமாயின், அன்றே அத்திருப்பணி நிறைவெய்தும். அதற்கு அண்ணாமலையார் திருவருள் துணை நிற்பதாக.