தள்ளிப்போட்ட ஓவியர்



கண்புரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறவர்கள் நம் வீடுகளில் பலர். நீங்களும் அப்படித்தான் என்றால், பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேயின் கதை உங்களுக்கானது.

1840-இல் பாரிஸில் பிறந்தவர் மோனே. வெளிச்சம் மாறும்போது நிறங்கள் எப்படி மாறுகின்றன என்பதை வரைவதே அவருடைய வாழ்நாள் வேலை. 1883-இல் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறினார். பிறகு அங்கே குளம் வெட்டி, அல்லி வளர்த்து, அதையே திரும்பத் திரும்ப வரைந்தார்.

1912-இல் இரண்டு கண்களிலும் புரை என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பயந்து பத்து வருடம் தள்ளிப்போட்டார். புரை முற்றினால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பேறும். நீல நிறம் மங்கிப்போகும். அவருடைய குளமும் படங்களில் செம்பழுப்பாக மாறியது. வண்ணக் குழாய்களின் மேல் இருந்த பெயரைப் பார்த்துத்தான் நிறத்தை எடுக்க வேண்டியிருந்தது. 1922-இல் வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது.

நண்பர் கிளெமென்சோ பிரான்சின் முன்னாள் பிரதமர், மருத்துவமும் படித்தவர். அவருடைய வற்புறுத்தலுக்குப் பிறகு, 1923 ஜனவரியில், 82 வயதில், வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறை இல்லை. பல நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு தடித்த கண்ணாடி. முதலில் நிறங்களெல்லாம் மாறித் தெரிந்து அவரை வாட்டின. பொருத்தமான கண்ணாடி அமைந்ததும் மீண்டும் தூரிகை எடுத்தார். இடது கண்ணைத் தொட மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. 1926 டிசம்பரில் காலமானார். அவருடைய பிரம்மாண்டமான அல்லி ஓவியங்களுக்காக 1927-இல் பாரிஸில் தனி அரங்கே திறக்கப்பட்டது.

அவருடைய பயத்துக்கு அன்று காரணம் இருந்தது. இன்று பெரும்பாலானோர் செயற்கை லென்ஸ் பொருத்திக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறார்கள். முற்றவிட்டால்தான் சிகிச்சை கடினமாகும். சொட்டு மருந்தால் புரை கரையாது.

எதிரே வரும் வண்டி வெளிச்சம் கண் கூசுகிறதா? படிக்கட்டின் விளிம்பு தெரியவில்லையா? கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறதா? உடனே கண் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் வருடம் ஒருமுறை கட்டாயம் காட்டுங்கள். வெயிலில் குளிர்கண்ணாடி அணியுங்கள், புகைப்பதை விடுங்கள்.

மோனே இழந்த பத்து வருடத்தை நீங்கள் இழக்க வேண்டாம்.