நூறு மணி நேரம்கூடப் பறக்காதவர்

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்காவிலோ, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்வதற்கே 2013 முதல் பொதுவாக 1500 மணி நேரம் தேவை. குறைந்த அனுபவமுள்ளவரை விமான நிறுவனங்கள் சேர்க்கலாமா என்ற விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் ஏமி ஜான்சன் அம்மையார்தான் என் நினைவுக்கு வருகிறார்.

இங்கிலாந்தின் ஹல் நகரில் 1903இல் மீன் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். ஷெஃபீல்டில் பட்டம் பெற்று, லண்டனில் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் பணிபுரிந்தார். 1929இல் விமானி உரிமம் பெற்றார். அதோடு நில்லாமல் விமானக் கொட்டகையில் எஞ்சின் பழுது பார்க்கக் கற்றுத் தரைப் பொறியாளர் உரிமமும் பெற்றார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் 100 மணி நேரம்கூடப் பறக்காத பெண்ணுக்கு யார் வேலை தருவார்கள்? ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்து காட்டத் துணிந்தார். பழைய ஜிப்சி மாத் விமானம் வாங்கத் தந்தையும் வேக்ஃபீல்ட் பிரபுவும் பணம் தந்தனர். அத்தகைய தந்தை வாய்க்காதவர் என்ன செய்வார் என்று, என் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் எனக்குத் தோன்றாமலில்லை.

1930 மே 5ஆம் நாள் குரோய்டனிலிருந்து கிளம்பினார். கராச்சி, ஜான்சி, கல்கத்தா கடந்து ரங்கூன் அருகே இறங்கியபோது விமானம் பள்ளத்தில் சிக்கிச் சேதமடைந்தது. அதைச் செப்பனிட்டு, மே 24இல் டார்வின் சேர்ந்தார்.

உலகமே கொண்டாடியது. ஆயினும் 1939இல் அவர் பார்த்த வேலை, போர்ட்ஸ்மத்திலிருந்து வைட் தீவுக்குச் சிறு விமானத்தில் பயணிகளை ஏற்றிச் செல்வது! 1940இல் போர் விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் சேர்ந்தார். அங்கே பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியம். 1941 ஜனவரி 5இல் அவர் விமானம் தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்தது. உடல் கிடைக்கவேயில்லை.