ஆறு புள்ளிகள் தந்த அண்ணல்

1809-ல் பிரான்ஸின் கூப்வ்ரே கிராமத்தில் சேணம் தைப்பவர் மகனாகப் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் அப்பாவின் குத்தூசி கண்ணில் பட்டது. பிறகு இரண்டு கண்ணும் போச்சு. உதவித்தொகை கிடைத்ததால்தான் 1819-ல் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர முடிந்தது. அங்கிருந்த மேடெழுத்துப் புத்தகங்களோ சொற்பம். அச்சிட ஏகப்பட்ட செலவு, தூக்கவும் கனம். படிக்கலாம், எழுத முடியாது. 1824-ல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி முறையை வகுத்தார். சட்டம், ஊசி, கெட்டித்தாள் போதும்; மாணவனே எழுதிக்கொள்ளலாம்! அதே பள்ளியில் ஆசிரியராகி, 1852-ல் காசநோயால் மறைந்தார். 1854-ல் பிரான்ஸ் அம்முறையை ஏற்றது.

இன்றும் ஒரு பாடநூல் பிரெயிலில் பல தொகுதிகளாகும். வெள்ளைக்கோல் நடைப்பயிற்சியைக் கூடவே நடந்து சொல்லித்தர ஆள் வேணும். செலவுதான். அன்று அந்த உதவித்தொகையை வீண்செலவென்று மறுத்திருந்தால்? நண்பர்களே, யோசியுங்கள்.